கோடு மறையும் அழுத்தம்

சத்தம் கேட்டபோது நானும் வாட்ச்மேன் சுருளியும் டீக்கடையில் உளுந்தவடை தின்றுகொண்டிருந்தோம். வாசலை விட்டு வரமாட்டேன் என்றவனை நான்தான் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தேன். தெப்பக்குளத்துப் பக்கம் வேட்டுப் போடுகிறார்கள் என்றான். நான் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டேன். வடை நன்றாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் அழகுபாண்டியிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். என் பெயர் துளசிராம். வண்டியூரில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்துக்குப் பத்தொன்பது வருடமாக நான்தான் தலைவன். மூடிய இரும்புக் கலத்தில் ஒரு திரவத்தைச் சூடாக்கிக்கொண்டே போனால், ஏதோ ஓர் அழுத்தத்தில் திரவத்துக்கும் ஆவிக்கும் நடுவே உள்ள கோடு மறைந்துவிடும். இரண்டும் ஒன்றாகிவிடும். ரசாயனக் கலவைகளுக்கு அந்த அழுத்தத்தை முன்கூட்டியே கணித்துச் சொல்வது என் வேலை.

போன மாதம் இரண்டு திரவங்கள் சேர்ந்த ஒரு கலவைக்கு அறுபத்திரண்டு பார் அழுத்தம் என்று எழுதினேன். வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதமான சத்யப்ரியா எல்லோர் முன்னாலும் சிரித்தாள்.

“அண்ணே, ரெண்டையும் கூட்டிச் சராசரி எடுத்திருக்கீங்க. இது என்ன, பாலும் தண்ணியுமா? சேந்துட்டா ரெண்டையும் தாண்டிப் போகும்ணே. தொண்ணூறு வரும்.”

எனக்குக் கோபம் வரவில்லை. சோதித்துப் பார்த்துவிடுவோம் என்றேன். எங்கள் கலம் எண்பதுக்கு மேல் தாங்காது. அது அவளுக்கும் தெரியும்.

“எழுபதுலயே வால்வு தொறந்து ஆவிய வெளிய விட்ரும்ல. தொறந்துச்சுன்னா நீங்க அவுட்டு. எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்.”

சத்யப்ரியா தனியாகச் சோதனை செய்யவிருந்த நாளன்று காலையில், எழுபதில் திறக்காதபடி அந்த வால்வின் திருகை முழுவதும் இறுக்கினேன். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. என் கணக்கு சரியென்றால் அறுபத்திரண்டிலேயே கோடு மறைந்திருக்கும். அவள் சூட்டை நிறுத்திவிட்டு எழுந்திருப்பாள். தீர்ப்பை வால்விடம் விடாமல் கலவையிடமே விட்டேன், அவ்வளவுதான்.

கோடு மறைவதைப் பார்க்கக் கலத்தின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொள்ள வேண்டும். அழுத்தம் காட்டும் மீட்டர் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

நாங்கள் ஓடிவந்தபோது கதவு தெருவில் கிடந்தது. கண்ணாடி அவள் முகத்தைத் துளைத்துப்போய் எதிர்ச்சுவரில் பதிந்திருந்தது. வலது கை அலமாரிக்கு மேலே கிடைத்தது, பேனாவோடு. சுருளி வாந்தி எடுத்தான். நான் நேராகப் போய் மீட்டரைப் பார்த்தேன். முள் எண்பத்துமூன்றில் வளைந்து நின்றது. உடைந்த மீட்டரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அறுபத்திரண்டுதான் என்று இன்றும் நம்புகிறேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அழகுபாண்டி பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அம்புட்டு நம்பிக்கைன்னா, சுருளிய மட்டும் எதுக்கு சார் டீ குடிக்கக் கூட்டிட்டுப் போனீங்க?”