செவ்வாய்க் கல்லும் ஸகோரா மண்ணும்

தொலைக்காட்சியில் என் மூக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஐயா. ஆனாலும் அந்தப் பேட்டியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். செவ்வாயிலிருந்து ஸகோரா ஊருக்கு அப்பால் பாலைவனத்தில் வந்து விழுந்த கல்லுக்குள், கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நுண்ணுயிரின் தடத்தைக் கண்டுபிடித்தவன் நான். மராகேஷ் நகரத்தில் பழச்சாற்றுக் கடைக்காரர்கூட என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவள் திலீலா. வயதில் இளையவள், என்னை அண்ணா என்பாள். ஒருநாள் காலை நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்கண்ணா. உங்க செவ்வாய்க்காரன் நம்ம ஊர்க்காரன்தான். கல்லு விழுந்தப்புறம் மண்ணுலேர்ந்து விரிசல் வழியா உள்ள பூந்திருக்கான்."

"பாஸ்போர்ட் கேட்டுப் பாத்தியா?" என்றேன். இருவரும் சிரித்தோம். நான் நகைச்சுவையாகப் பேசுவேன் என்று எல்லோரும் சொல்வார்கள்.

"அந்த இடத்து மண்ணை எடுத்து ஒப்பிட்டா தெரிஞ்சிடும். தப்புன்னு ஆயிட்டா மறுப்பை நீங்களே எழுதிடுங்க. அதுதான் உங்களுக்கு மரியாதை."

நியாயமான பேச்சு. நானே வண்டியில் அழைத்துப்போனேன். ஆகஸ்ட் வெயில். அவள் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் மண் அள்ளிக்கொண்டிருந்தாள். வண்டியை நிழலில் நிறுத்தலாம் என்றுதான் கிளப்பினேன். அங்கே நிழல் இல்லை. தேடிக்கொண்டே போனதில் ஸகோரா வந்துவிட்டது.

விடுதியில் குளித்தேன், ஆட்டுக்கறியில் கொஞ்சம் உப்புத் தூக்கல். காலையில் என்னோடு வந்த திலீலா எங்கே என்று விடுதிக்காரர்கள் கேட்டார்கள். நாடோடிகளின் கூடாரத்தில் தங்கிவிட்டாள் என்றேன். பின் இருக்கையில் அவளுடைய தண்ணீர்க் குப்பிகளுக்கு நடுவே கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அம்மாவாக இருக்கும். அடுத்தவர் கைபேசியைத் தொடும் பழக்கம் எனக்கில்லை.

மறுநாள் மதியம் திரும்பிப் போனேன். வண்டித் தடத்தைப் பிடித்தே வெகுதூரம் நடந்து வந்து விழுந்திருந்தாள். மண் பையை மட்டும் விடவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"வந்துட்டீங்களாண்ணா... வழி தவறிட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

பையை மெதுவாக வாங்கி, மண்ணைக் காற்றில் கொட்டினேன். பிறகு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. பொழுது சாயும்வரை காத்திருந்தேன்.

மற்றதெல்லாம் நீங்கள் எழுதியபடியே இருக்கட்டும். நான் அவளைத் தனியே சாகவிட்டேன் என்று ஓரிடத்தில் இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. கடைசி மூச்சுவரை நான் பக்கத்திலேயே இருந்தேன்.