மூன்றாம் கம்பிக்குக் கீழே

அந்த ஜன்னலைச் சாத்திவிட்டால் நன்றாக இருக்கும். குளிர் என்னை ஒன்றும் செய்யாது. பாடகர்களோடு வாழ்ந்து பழகியவனுக்குத் திறந்த ஜன்னலைப் பார்த்தால் கை தானாகப் போய்விடும், அவ்வளவுதான். என் மனைவி ஐசிரேக் கோடையில்கூடக் கழுத்தில் கம்பளித் துண்டு இல்லாமல் வெளியே போனதில்லை. அதைச் சுற்றிவிடுவது நான்தான்.

நன்றி.

நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தது எங்கள் அரங்கின் கயிற்றாள் கெனேஷுக்காக. அவனை விட்டுவிடுங்கள். மூன்றாம் கம்பிக்கு எடை ஏற்ற மறந்துவிட்டேன் என்று உங்களிடம் அழுதிருப்பான். முந்தின நாள் சாயங்காலம் குடித்திருந்ததால், தன் நினைவை அவனே நம்பவில்லை. அவன் மறக்கவில்லை. சரியாகத்தான் ஏற்றினான். காலையில் வந்து அதைக் கழற்றியது நான்.

நீங்கள் எங்கள் அரங்குக்குள் வந்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அதனால் சொல்கிறேன். மேடைக்கு மேலே குறுக்காக இரும்புக் கம்பிகள் தொங்கும். திரை, வீடு, மலை எல்லாம் அதில்தான் கட்டியிருக்கும். கயிற்றின் மறுமுனையில் அதே எடைக்கு இரும்புக் கட்டிகளை ஏற்றி வைத்தால், ஒரே ஆள் ஒரு கையால் மலையை ஏற்றி இறக்கலாம். கட்டிகள் இல்லையென்றால் மலையைப் பிடித்துக்கொண்டிருப்பது பிரேக் மட்டும்தான். கெனேஷ் மேலே பரணில் அந்தப் பிரேக் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அங்கிருந்து அவனுக்கு மேடை தெரியாது. கீழே யாருமில்லை, இறக்கு என்று நான் வாக்கி-டாக்கியில் சொன்னால் இறக்குவான். நான் மேடை மேலாளர். அரங்கில் கத்தாமல் பேசுகிற ஒரே ஆள் நான்தான். விளக்கு, திரை, கூட்டுப்பாட்டுக் குழு, எல்லாம் என் குரலுக்குத்தான் அசையும். என் மனைவிக்குக்கூட மேடைக்குள் நுழைய நான்தான் சைகை கொடுப்பேன்.

அப்படிச் சைகை கொடுத்து அவளை அனுப்பியதெல்லாம் தோழி வேடத்துக்கும் செவிலி வேடத்துக்கும்தான். நாயகி வேடத்துக்கு அவள் எப்போதும் இரண்டாம் அணி. முதல் அணிப் பாடகிக்குக் காய்ச்சல் வந்தால் அவள் பாடுவாள். முதல் அணிக்குக் காய்ச்சலே வராது. பிறகு அந்தப் பெண்மணி கல்யாணம் செய்துகொண்டு பிஷ்கேக் போனார். அதே சமயம் புது ஓபரா வந்தது. பனிக்காலத்தில் தன் குலத்தைக் கணவாய் தாண்டிக் கூட்டிப்போகும் துமார் என்ற விதவையின் கதை. அந்த வேடம் ஐசிரேக்குக்கு என்று எங்கள் உணவகத்துப் பூனைக்குக்கூடத் தெரியும். அவளுக்கும் வயதாகிறது. அடுத்த ஓபரா வரும்போது அவளைச் செவிலி வேடத்துக்கும் கூப்பிடமாட்டார்கள்.

தலைநகரிலிருந்து வந்த இயக்குநர் ஆஜிமத் வேறு யோசனை வைத்திருந்தார். பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் சுவரொட்டி ஒட்டினார். குரல் இருப்பவர்கள் வரலாம், படிப்பு தேவையில்லை. மூன்று நாள் வந்தார்கள். கல்யாண வீட்டில் பாடுகிறவர்கள், பள்ளி ஆசிரியைகள், அம்மா இழுத்து வந்த பெண்கள். கடைசியில் புருல் வந்தாள். மலைமேல் ஒரு கிராமத்தில் பால் சேகரிப்பு நிலையத்தில் வேலை. கம்பளிக் காலணியைக் கழற்றாமல் மேடைக்கு வந்துவிட்டாள்.

“என்ன பாடப்போறே?” என்றார் ஆஜிமத்.

“நீங்க எது சொன்னாலும் பாடுறேன் அண்ணே. முதல்ல மூக்கைச் சிந்திக்கிறேன், இருங்க.”

சிந்தினாள். பாடினாள். பியானோ வாசித்த அம்மாள் பாதியில் கையை எடுத்துவிட்டார். நல்ல குரல், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நல்ல குரல் வேறு, உரிமை வேறு.

ஒத்திகை தொடங்கிய அன்று வழக்கம்போல அரங்கின் பின்முற்றத்தில் ஆடு அறுத்தோம். அறுப்பது என் வேலை. ஆஜிமத் முகம் வெளுத்துப்போய் உள்ளே போய்விட்டார். புருல் பாவாடையைச் செருகிக்கொண்டு வந்து கால்களைப் பிடித்தாள்.

“அண்ணே, கத்தி மொண்ணை. ஆடு சாகறதுக்குள்ள முதல் காட்சியே முடிஞ்சிடும் போல.”

எல்லோரும் சிரித்தார்கள். இரத்தம் வடிந்ததும் அவளே குடலை உருவி ஓடைத் தண்ணீரில் கழுவினாள். கழுவிக்கொண்டே துமாரின் பாட்டைப் பாடினாள். ஐசிரேக் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னைவிட நல்லா பாடுறே. என்னைவிட நல்லா குடலும் கழுவுறே. எனக்குன்னு என்னத்தடி மிச்சம் வச்சிருக்கே?” என்றாள்.

“அண்ணன் இருக்காரே அக்கா. அவரை வச்சுக்குங்க. யாரும் கேக்க மாட்டாங்க.”

முற்றமே சிரித்தது. ஐசிரேக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மற்றவர்கள் சிரிப்பைப் பார்த்தார்கள். நான் நீரைப் பார்த்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ரஷ்யர் காலத்திலிருந்து வருவது. உங்கள் வேடத்தின் பாட்டுத் தாள்கள் கையிலிருந்து தரையில் விழுந்துவிட்டால், விழுந்த இடத்திலேயே, அந்தக் கணமே, அதன்மேல் உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேடம் கையைவிட்டுப் போய்விடும் என்பார்கள். எங்கள் பாரிடோன் குரல் பாடகர் ஒருமுறை நகரத் தலைவர் கார் வரும் நேரம் பார்த்து நடுத்தெருவில் உருகிய பனியில் உட்கார்ந்தார். டிரைவர் ஹாரன் அடித்தான், அவர் தாள்களைப் பொறுக்கி முடித்துத்தான் எழுந்தார். ஓபராக்காரர்களில் இதை மூடநம்பிக்கை என்று சொல்லிச் சிரிக்காதவன் இல்லை, உட்காராதவனும் இல்லை. உட்காருகிறவன் தரையைத்தான் பார்ப்பான். மேலே பார்க்கமாட்டான்.

புருலுக்கு இது தெரியாது. முதல் வாரம் படிக்கட்டில் தாள்களைத் தவறவிட்டுக் குனிந்து எடுக்கப் போனாள். ஐசிரேக் ஓடிப்போய் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

“உட்காருடி கழுதை! அங்கேயே உட்காரு. துமார் ஓடிப்போயிடுவா!”

அதற்குப் பிறகு புருல் பழம் விழுகிற மாதிரி சட்டென்று உட்காருவாள். அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

நான் முதலில் கொலையை நினைக்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். வெந்நீர்க்குழாய் கெட்டுப்போன அறையை அவளுக்கு ஒதுக்கினேன். எங்கள் ஊர்க் குளிரில் வேறு யாராக இருந்தாலும் தொண்டை கட்டியிருக்கும். அவள் நன்றாகத் தூங்கி, பசியோடு எழுந்துவந்தாள். பிறகு திரை ஓவியர்கள் தூரிகை கழுவும் காஸ்டிக் சோடாவில் கொஞ்சம் அவள் தேநீர்க் குடுவையில் போட்டேன். முதல் வாயிலேயே துப்பிவிட்டாள். உதடும் நாக்கு நுனியும் வெந்து தோல் உரிந்தது. உணவகக்காரி குடுவையைச் சரியாக அலசவில்லை என்று எல்லோரும் அவளைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். மறுநாள் புருல் உதட்டில் ஆட்டுக்கொழுப்பைத் தடவிக்கொண்டு ஒத்திகைக்கு வந்து நின்றாள். ஐசிரேக் பாடட்டுமே என்று நான் ஆஜிமத்திடம் தன்மையாகச் சொல்லிப்பார்த்தேன்.

“காத்திருக்கலாம்ணே, என்ன அவசரம்? அந்தப் பொண்ணு கால் உடைஞ்சு கிடந்தாலும் வண்டியில உட்காரவச்சுப் பாட வைப்பேன். துமார் வண்டியில வந்தா என்ன, கணவாய் தாண்ட மாட்டாளா? எனக்கு அந்தத் தொண்டை போதும்” என்றார்.

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் கால் உடைவதோடு நிறுத்தியிருப்பேன். நான் கொடூரமானவன் இல்லை.

அன்று காலை மூன்றாம் கம்பியில் மலை தொங்கிக்கொண்டிருந்தது. மரச்சட்டமும் இரும்புப் பட்டையும் கலந்து செய்தது, நான்கு ஆள் தூக்க வேண்டிய எடை. எல்லோருக்கும் முன்னால் வந்து கட்டிகளைக் கழற்றிச் சுவரோரம் அடுக்கினேன். அடுக்காமல் போட்டுவிட்டுப் போக எனக்கு வராது. கெனேஷ் வந்து, தலைவலி என்று முனகிக்கொண்டே மேலே ஏறினான். புருல் எப்போதும் மற்றவர்களுக்கு முன்னால் வருவாள். மேடையில் நடந்து பார்க்க வேண்டும் அவளுக்கு.

நான் அவள்கூட நடந்தேன். கணவாய்க் காட்சியில் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினேன். மலைக்கு நேர் கீழே வந்ததும் என் முழங்கை அவள் கையில் இடித்தது. தாள்கள் சிதறின.

“ஐயோ, துமார்!” என்று சிரித்துக்கொண்டே அப்படியே உட்கார்ந்தாள்.

நான் மூன்று எட்டு பின்னால் நகர்ந்து, கீழே யாருமில்லை, மூன்றாம் கம்பியை இறக்கு என்றேன். எப்போதும் சொல்கிற அதே குரலில்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் பேசியது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கலாம். ஆனால் ஒரு தாள் சற்றுத் தள்ளிக் கிடந்தது. அதைக் கைநீட்டி இழுத்துத் தன் அடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

மலை விழும் சத்தம் நான் நினைத்ததைவிடக் குறைவு. சட்டத்தின் கீழ்ப்பட்டை இடுப்புக்குக் குறுக்கே விழுந்தது. தொடை எலும்பு ஒன்று பாவாடையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. இரத்தம் மேடைப் பலகைகளின் இடுக்கில் இறங்கியது. மேலே கெனேஷ் அலறினான். அவனுக்கு முழங்கால் வலி. அந்த இரும்பு ஏணியில் இறங்க நேரமாகும்.

நான் பக்கத்தில் மண்டியிட்டேன். அவளுக்கு நினைவு இருந்தது. முகம் மாவு மாதிரி இருந்தது. அப்போது அவள் என்ன செய்தாள் தெரியுமா? வாயை மூடி, மெல்ல ஒரு ஸ்வரத்தை முனகிப் பார்த்தாள். சுத்தமாக வந்தது.

“குரலுக்கு ஒண்ணும் ஆகலைண்ணே” என்றாள். “அக்காவைக் கூப்பிடுங்க. அக்கா வரட்டும்.”

அந்தத் தொண்டை போதும் என்று ஆஜிமத் சொன்னது எனக்கு நினைவு வந்தது. அரங்கேற்றத்தைத் தள்ளிப்போடுவார்கள். வண்டி செய்வார்கள். எங்கள் தச்சன் நல்ல வண்டியாகவே செய்வான்.

வலது உள்ளங்கையால் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடினேன். இடது கையால் பின்தலையைப் பிடித்துக்கொண்டேன், பலகையில் மோதிக்கொள்ளக்கூடாதே என்று. அவள் கைகள் இரண்டும் நன்றாக இருந்தன. பால் கேன் தூக்கிய கைகள். என் காதைப் பிய்க்கப் பார்த்தாள். பிறகு கடித்தாள். இந்தக் கட்டு என்ன என்று அன்றே கேட்டீர்கள், கதவில் நசுங்கியது என்றேன். அது அவள் பல். எலும்புவரை இறங்கியிருக்கிறது. பொறுத்துக்கொண்டேன். கெனேஷின் கால் கடைசிப் படியில் படும்போது எல்லாம் முடிந்திருந்தது. நான் அவள் கண்களை மூடிக்கொண்டிருந்தேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான்.

இடுப்பு நசுங்கிய பெண்ணுக்குக் கண்ணில் ஏன் இரத்தப்புள்ளி என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார் அல்லவா? காரணம் இதுதான்.

நீங்கள் ஐசிரேக்கிடம் பேசியிருக்கிறீர்கள். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்றும் தெரியும். துமார் வேடத்தைப் புருலுக்குக் கொடுங்கள் என்று ஆஜிமத்திடம் சொன்னதே தான்தான் என்று சொல்லியிருப்பாள். உண்மைதான். சுவரொட்டி யோசனையும் அவளுடையதுதான். என்னிடமும் சொன்னாள், மாவு பிசைந்துகொண்டே.

“அந்தக் கடைசிப் பாட்டுக்கு எங்கிட்ட மூச்சு இல்லைங்க. எத்தனை வருஷம் பயந்து பயந்து காத்திருக்கிறது? அவ பாடும்போது எனக்கு நிம்மதியா இருக்கு. நான் சொல்லிக்கொடுத்து அவ பாடினா, நானே பாடின மாதிரி. நீங்களும் அதை விட்டுடுங்க.”

இது நான் அந்தத் தேநீர்க் குடுவை வேலையைச் செய்வதற்கு முந்தின வாரம். ஆகவே எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு மனைவி வாயால் சொல்வது வேறு, அவளுக்கு வேண்டியது வேறு. அவள் மேடைக்குள் எப்போது போக வேண்டும் என்று இத்தனை காலம் சொன்னவன் நான். எப்போதாவது தவறியிருக்கிறேனா? ஆஜிமத்தைக் கேளுங்கள்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள், அது பொய்யாகிவிடும். மூன்றாம் அங்கத்தில் மலையை இறக்கி, காகிதப் பனி நிறைத்த பையைத் திறந்து, கூடாரத்தைத் தூக்க வேண்டும். மூன்றும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். அதைக் கெனேஷ் ஒருவனால்தான் செய்ய முடியும். அவன் உங்கள் அறையில் உட்கார்ந்திருந்தால் ஐசிரேக் எதற்கு முன்னால் நின்று பாடுவாள்? அவனை விடுங்கள், என்னை வைத்துக்கொள்ளுங்கள். சைகை கொடுக்க வேறு ஆளைப் பழக்கலாம். எழுதித் தருகிறேன்.

புருலின் உடலை மலைக்குக் கொண்டுபோன நாளிலிருந்து ஐசிரேக் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்ப்பதும் இல்லை. என் கைக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், எழுந்துபோய் அடுத்த அறையில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அரங்கில் ஒரு கூட்டம் அவள் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள் என்றெல்லாம் பேசுகிறதாம். பாடகர்களைத் தெரியாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

பெரிய வேடத்துக்கு முன்னால் குரலைச் சேமிக்கிறாள், அவ்வளவுதான்.