பயிற்சி கொடுக்கப் போகிறவர்

– இப்படியா சட்டை மடிப்பாங்க? பேருதான் தையல் ஃபேக்டரி சூப்பர்வைசர். தள்ளுங்க, பெட்டியில நான் வைக்கிறேன்.

– நான் தையல். மடிக்கிறது வேற செக்‌ஷன்.

– பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. நம்ம தெருவுல முதல்முதலா விமானம் ஏறப் போறது நீங்கதான். எதிர்வீட்டு அக்கா முகத்தைப் பார்க்கணுமே! ஆமா, அங்க என்னதான் வேலை?

– விஷயம் என்னன்னா, கம்பெனிக்காரன் அந்த நாட்டுல புதுசா ஒரு ஃபேக்டரி திறக்கிறான். அங்க உள்ள பொண்ணுங்களுக்கு நான் காலர் தைக்கக் கத்துக்கொடுக்கணும். மூணு மாசம்.

– இங்க இவ்வளவு பெரிய ஃபேக்டரி இருக்கும்போது அங்க எதுக்கு இன்னொண்ணு?

– விஷயம் என்னன்னா, அங்க கூலி இங்க குடுக்கிறதுல பாதி. கவர்ன்மென்ட் நிலம் சும்மா குடுக்குது. பத்து வருஷத்துக்கு வரியும் கிடையாது.

– நம்ம ஊருக்கு வந்தப்பவும் இதைத்தானே சொன்னாங்க?

– அதனாலதானே வந்தான்! வந்ததுல என்ன குறை? ரோடு வந்துச்சு, பஸ் வந்துச்சு. உன் தங்கச்சி சொந்தச் சம்பளத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டா.

– கடைத்தெருவுல நாலு தையல் கடை மூடினதையும் சேர்த்துச் சொல்லுங்க. உங்க பழைய முதலாளி கடையும்தான்.

– ஃபேக்டரி வந்தப்புறம் அவர் குடுத்த கூலிக்கு யார் போய் உட்காருவா?

– நான் குறை சொல்லலைங்க. மாடியில ரூம் கட்டி ஃபேக்டரிப் பொண்ணுங்களுக்கு வாடகைக்கு விடலாம்னு, நாளைக்குக் கொத்தனாரை வரச் சொன்னதே நான்தானே. நம்ம ஃபேக்டரிக்கு அந்தப் பத்து வருஷம் எப்ப முடியுது?

– இந்த வருஷக் கடைசில.

– ம்ம். ஆரம்பத்துல உங்களுக்கெல்லாம் கத்துக்கொடுக்க வெளிநாட்டுல இருந்து ஒருத்தர் வந்தாரே, தொப்பிக்காரர்?

– தங்கமான மனுஷன்! நான் முதல் காலரை ஒழுங்கா தைச்சதும் எழுந்து நின்னு கைதட்டினார். கிளம்புற அன்னிக்குத் தன் கத்திரிக்கோலை என் கையில குடுத்துட்டுல்ல போனார்.

– தொழில் பண்ற கத்திரிக்கோலை யாராவது குடுத்துட்டுப் போவாங்களா?

– ஊருக்குப் போனா இதுக்கு வேலை இல்லைன்னு சைகையில சொன்னார். ரிட்டயர் ஆகுறார்னு நினைச்சேன்.

– அப்ப அவருக்கு என்ன வயசு?

– இப்ப எனக்கு இருக்கிற வயசு இருக்கும்.

– அந்த போனைக் கொஞ்சம் எடுங்க.

– இப்ப யாருக்கு போன்?

– கொத்தனாருக்குத்தான். நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடுறேன். அந்தக் கத்திரிக்கோலையும் பெட்டியில வைக்கிறேன். வரும்போது அங்க யாருக்காவது குடுத்துட்டு வர வேண்டியிருக்கும்.