உதயகலா மூடாமல் போன எடிட்டர்

எங்கள் வீட்டில் காலையில் புட்டு அவிப்பது நான்தான், ஐயா. என் மனைவி உதயகலாவுக்கு மா குழைக்க வராது. சாப்பிட்டுவிட்டு ஒரே மோட்டார் சைக்கிளில் சாவகச்சேரிக்குப் போவோம். அந்த இரத்தப் பரிசோதனை நிலையத்தின் கணினிகள் அவள் பொறுப்பு. அறிக்கைகளை அச்சிட்டு உறையில் போடுவது என் வேலை. இருவரும் படித்தது கணினிதான். அவளுடைய பதவிக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

அங்கே எல்லாம் லினக்ஸ் இயங்குதளம். பாதுகாக்கப்பட்ட ஒரு கோப்பைத் திருத்த, எடிட்டர் என்ற எழுதும் மென்பொருள் முழுவதையும் நிர்வாகி உரிமையோடு திறக்கக்கூடாது; கறுப்புத் திரையில் கட்டளை எழுதி அந்தக் கோப்பை மட்டும் திறக்க வேண்டும். எடிட்டரை அப்படித் திறந்தால், அந்த ஜன்னலிலிருந்தே எந்தக் கோப்பையும் மாற்றலாம்; கணினியின் பதிவில் எடிட்டரைத் திறந்தவரின் பெயர் மட்டுமே நிற்கும்.

"கலா, உப்பிடித் திறக்காதையும் எண்டு எத்தினை தரம் சொல்லுறன்?"

"கறுப்புத் திரையிலை எழுத எனக்குக் கை ஓடாது. நீங்கள் வேலிக்கும் பூட்டுப் போடுற ஆள்."

சென்ற மாதம் அவளைக் கொழும்புக் கிளைக்குப் பொறுப்பாக அழைத்தார்கள். வாரக் கடைசியில் வருவேன் என்றாள். குடும்பம் அப்படி நடக்காது.

அதற்குப் பிறகு ஒருநாள் அச்சுப்பொறியின் கோப்பொன்றைத் திருத்திக்கொண்டிருந்தவள், முகாமையாளர் கூப்பிட எழுந்து போனாள். எடிட்டர் திறந்தே இருந்தது. அதை மூடத்தான் அவள் கதிரையில் உட்கார்ந்தேன். பிறகு வேறொரு கோப்பைத் திறந்தேன். இரத்தத்தில் பொட்டாசியம் ஆறைத் தாண்டினால் வைத்தியரின் தொலைபேசிக்கு உடனே செய்தி போகும். அந்த ஆறுக்குப் பின்னால் ஒரு பூச்சியம் சேர்த்தேன்; எல்லை அறுபதானது. யாராவது கண்டுபிடித்து அவளை ஏசுவார்கள், கொழும்புப் பயணம் நின்றுவிடும் என்பதுதான் என் நினைப்பு.

மறுநாள் காங்கேசன்துறையில் கடற்றொழில் செய்யும் தம்பிஐயாவின் அறிக்கை வந்தது. பொட்டாசியம் ஏழரை; இதயத்தையே நிறுத்தக்கூடிய அளவு. வைத்தியருக்குச் செய்தி போயிருக்காது என்று எனக்குத் தெரியும். தொலைபேசி என் மேசையில்தான் இருந்தது. எடுத்தால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அறிக்கையை மடித்து உறையில் போட்டு ஒட்டினேன். அவர் அன்று பின்னேரம் வீட்டிலேயே இறந்துபோனார்.

விசாரித்தபோது கணினியின் பதிவில் உதயகலாவின் பெயர் இருந்தது. அன்றிலிருந்து அவள் சாப்பிடுவதில்லை.

"இஞ்சாருங்கோ, நான் எப்ப உந்தப் பூச்சியத்தைப் போட்டன்? எனக்கு ஞாபகமே இல்லை."

"களைப்பிலை கை தவறியிருக்கும். விடும்."

அப்படிச் சொல்லி அவள் தலையைத் தடவினேன். அந்தக் கையைப் பார்க்க இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தன்மேல் பிழை என்று கையெழுத்துப் போட இன்று அவளே இந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கிளம்பி வந்திருக்கிறாள். வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். இதை அவளிடம் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், ஐயா. என்னை விட்டால் அவளைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை.