எண்ணெய்த் துளையை மூடிய பித்தளைத் தகடு

அவைக்கு அணிசெய்து அமர்ந்திருக்கும் நல்லொளி சனசமூக நிலையத் தலைவர், பெருமதிப்புக்குரிய பொன்னம்பலம் அவர்களே, அவரது வலப்பக்கம் வீற்றிருக்கும் செயலாளர் தம்பிஐயா அவர்களே, முன்வரிசை நிறைந்த முதியோர்களே, பாயில் இருந்தாலும் பண்பால் உயர்ந்த தாய்மார்களே, போரினால் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் பாடசாலை வகுப்பறைகளிலே வாழும் உடன்பிறப்புகளே, பேச்சு நீண்டால் ஓடிவிடலாம் என்று வேலியோரம் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வாழ்த்துரை வழங்க என்னை அழைத்திருக்கிறார்கள். ‘வாழ்த்துரை: செல்வி ஞானாம்பிகை, ஓய்வுபெற்ற தட்டச்சாளர்’ என்று அழைப்பிதழில் இருக்கிறது. அந்த அழைப்பிதழை நன்றாகப் பாருங்கள். கையால் எழுதியிருக்கிறார்கள். அச்சு இயந்திரம் ஒன்றைத் திறந்துவைக்கும் விழாவுக்கு அழைப்பிதழைக் கையால் எழுதிய ஊர் இந்த உலகத்திலே நம்முடைய ஊராகத்தான் இருக்கும். ஏன் கையால் எழுதினார்கள்? அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். வாழ்த்த வாய் வரவில்லை, வயிறு எரிகிறது. வயிறு எரிகிறவள் வாழ்த்தினால் பலிக்காது. ஆகவே வாழ்த்தை ஒருபக்கம் வைத்துவிட்டு வழக்கைத் தொடங்குகிறேன்.

இதோ மேடையிலே பட்டுத் துணி போர்த்து, பூமாலை சாத்தி, புதுப்பெண்ணைப் போல ஒன்றை இருத்தியிருக்கிறார்கள். போட்டோக்கொப்பி இயந்திரம். தலைவரின் தம்பியார், லண்டனில் வாழும் பஞ்சலிங்கம் அவர்கள் அன்போடு அளித்தது. யாழ் நகரிலே மூடிக்கிடந்த கடை ஒன்றிலிருந்து வாங்கி, வண்டிலில் ஏற்றி, வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்தார்கள். நல்ல இயந்திரம். மின்சாரத்தைக் கொடுத்தால் மின்னலாக வேலை செய்யும். மின்சாரம் எங்கே? இரண்டு ஆண்டாக நம் மின்கம்பங்களில் காகம்தானே இருக்கிறது? ஒலிபெருக்கிக்கு மின்சாரம் இல்லாமல் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேனே, என் குரல் அந்தப் பட்டுத் துணிக்குள்ளே கேட்கவில்லையா?

என்ன தம்பி, வேலிப் பக்கம்? ஜெனரேற்றர் இருக்கிறதா? இருக்கட்டும். அதற்கு எண்ணெய் எங்கே? அரைப் போத்தல் மண்ணெண்ணெய்க்கு அரைநாள் வரிசையில் நின்றுவிட்டு, ஜாம் போத்தலில் திரி போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மார் இதோ பாயில் இருக்கிறார்கள். அவர்களுடைய விளக்கை அணைத்துவிட்டா இந்த இயந்திரத்துக்கு உயிர் கொடுக்கப்போகிறீர்கள்? சரி, அதையும் கொடுத்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே போடும் கரித்தூள் முடிந்தால் எந்தக் கடையில் வாங்குவீர்கள்? பழுதானால் யார் திருத்துவார்? வாங்க முன்னர் இந்தக் கேள்விகளை ஒருவராவது கேட்டீர்களா? ஆளில்லாமலே ஓடும் என்று பார்த்தீர்கள். மின்சாரம் இல்லாமல் ஓடுமா என்று பார்க்கவில்லை.

இருபத்தாறு ஆண்டு அரசாங்க அலுவலகமான கச்சேரியிலே தட்டச்சு அடித்தவள் நான். இயந்திரத்தை எப்படித் தெரிவுசெய்வது என்று எனக்குத் தெரியும். இங்கே கிடைக்கும் மையை அது குடிக்கவேண்டும். இங்கே கிடைக்கும் கடதாசியை, ஒருபக்கம் எழுதிய பழைய கடதாசியைக்கூட, அது விழுங்கவேண்டும். சந்தியிலே சைக்கிள் திருத்தும் ஏரம்பு அதைத் திறந்து மூடக்கூடியதாக இருக்கவேண்டும். அப்படி ஓர் இயந்திரம் நம்மிடம் இருக்கிறதா, இல்லையா? சொல்லுங்கள். ஏன் எல்லோரும் அந்த மூலையைப் பார்க்கிறீர்கள்?

ஓம், அந்த மூலையிலேதான் இருக்கிறது. பழைய பேப்பர் போர்த்து, அதன்மேல் வாழைக்குலை வைத்திருக்கிறார்கள். எண்பத்தாறாம் ஆண்டு இதே பஞ்சலிங்கம் அவர்கள், காலஞ்சென்ற தம் தாயார் நாகேஸ்வரி அம்மையாரின் நினைவாக நமக்கு அளித்த றோணியோ இயந்திரம். கையால் சுற்றுவது. மெழுகுத் தாளில் நான் ஒருமுறை தட்டச்சு அடித்து உருளையில் ஏற்றினால், சுற்றச் சுற்றப் பிரதி வரும். மின்சாரம் வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம், சோறு தின்ற ஒரு கை போதும். அள்ளி அள்ளித் தந்த இயந்திரம் அது. அதைக் கொன்றவர் யார்?

பகைவன் கொல்லவில்லை. குண்டு விழுந்து கெடவில்லை. நாங்கள்தான் கொன்றோம். அதுவும் மரியாதை செய்தே கொன்றோம்.

கேளுங்கள். திறப்புவிழாவுக்கு முதல்நாள் ஒரு பித்தளைத் தகடு வந்தது. ஒன்றரைச் சாண் நீளம். ‘அமரர் நாகேஸ்வரி ஞாபகார்த்தம்’ என்று அழகாக வெட்டியிருந்தார்கள். கோயிலிலே ஒரு ரியூப்லைற் கொடுத்தாலும் வெளிச்சம் தெரியாதபடி பெயர் எழுதுகிற பரம்பரை அல்லவா நாங்கள்? சபைக்குத் தெரியவேண்டுமென்று வலப்பக்கத்திலே வைத்து இரண்டு திருகாணியால் இறுக்கினார்கள். அந்த வலப்பக்கத்திலேதான் அச்சுத்தண்டுக்கு எண்ணெய் விடும் துளை இருக்கிறது. நான் அன்றைக்கே சொன்னேன். செயலாளர் என்ன சொன்னார் தெரியுமா?

“அக்கா, எண்ணெய் விடுறதைப் பிறகு பாப்பம். இப்ப பேர் வடிவாத் தெரியவேணும்.”

தம்பிஐயா அவர்களே, தலையைக் குனியவேண்டாம். நீங்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

முதலாம் ஆண்டு முனகியது. இரண்டாம் ஆண்டு அழுதது. எண்ணெய் கேட்டு அழுத இயந்திரத்துக்கு எண்ணெயைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்தோம். சரஸ்வதி பூசைக்கு உருளையிலே சந்தனம் அப்பினோம், அது காய்ந்து துளைகளை அடைத்தது. வெள்ளிக்கிழமை தோறும் தகட்டைப் புளி போட்டு மினுக்கினோம், புளித்தண்ணீர் வழிந்து இரும்புக்குள் இறங்கிக் கறள் பிடித்தது. யாரோ ஒரு புண்ணியவான் மேலாலே தேங்காயெண்ணெய் ஊற்றினார், அது பிசினாகிப் பிடித்தது. தையல் மெசினுக்கு விடும் எண்ணெயில் மாதம் நான்கு சொட்டுப் போதும். வேலை முடிந்ததும் உருளையைத் துடைத்து மூடிவைத்தால் போதும். நான்கு சொட்டு எண்ணெய்க்கு வழியில்லை, பளபளக்கும் தகட்டுக்குப் பழப்புளி இருந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனிச் சொல்லப்போவதற்குச் சிரிக்கமாட்டீர்கள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. குருநகர்க் குடும்பங்களை நிவாரணத்துக்குப் பதிவதற்கென்று நான்கு பக்கப் படிவம் ஒன்று வந்தது. வந்தது ஒரே ஒரு மாதிரிப் பிரதி. நூற்றுநாற்பது குடும்பம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் நிரப்பிக் கொடுக்கவேண்டும். பத்து மணிக்குள் நான் மெழுகுத்தாள் அடித்து முடித்துவிட்டேன். உருளையில் ஏற்றிச் சுற்றினேன். மூன்று பிரதி வந்தது. நான்காவதில் இறுகி நின்றுவிட்டது. அயலூர்ப் பாடசாலை இயந்திரத்துக்கு மை இல்லை. ஏரம்புவைக் கூப்பிட்டோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

“ஏலாதெண்டில்லை அக்கா. உந்தத் தகட்டைக் கழட்டித் தாங்கோ. அரை மணித்தியாலத்திலை ஓடப்பண்ணித் தாறன்.”

செயலாளர் சொன்னார்: “தலைவர் கோயில் திருவிழாவுக்குப் போயிட்டார், நாளைக்குப் பின்னேரம்தான் வருவார். அவரைக் கேக்காமல் அம்மாவின்ரை பேரிலை கை வைக்கேலாது.”

பெயரிலே கை வைக்கவில்லை. ஆகவே பேனாவிலே கை வைத்தோம். நானும், குருநகரிலே வலை பின்னிப் பிழைத்த பெர்னடெட் தங்கச்சியும், இன்னும் நான்கு பெண்களும் கார்பன் தாள் வைத்து எழுதினோம். விரல் வீங்க எழுதினோம். வெள்ளி மதியம் எண்ணிப் பார்த்தால் நூற்றுமூன்று. முப்பத்தேழு குடும்பம் வெளியிலே நின்றது. நேரம் முடிந்தது, பதிவை மூடினார்கள்.

பெர்னடெட்டுக்குத் தன் படிவம் இருந்தது. முதலாவதாக எழுதியது அவள் கைதானே? ஆனால் பிள்ளை பெற்று ஒன்பது நாளான றோஸ் என்ற பெண் வெறுங்கையோடு நின்றாள். பெர்னடெட் தன் படிவத்தைக் கொடுத்துவிட்டாள். அந்த முப்பத்தேழில் ஒருத்தியாகத் தானும் போய் நின்றாள். இந்த ஒரு மாதமாக அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் கோதுமை மா இல்லை, பால்மா இல்லை. பக்கத்து வகுப்பறைக்காரர் பகிர்ந்து கொடுத்ததிலே அந்தப் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள். அவள் இங்கே இருக்கிறாள். எழுந்து நிற்கச் சொல்லமாட்டேன். அன்றைக்கு அவள் என்னிடம் கேட்டதை மட்டும் சொல்கிறேன்.

“அக்கா, வலை கிழிஞ்சால் நாங்கள் முதலிலை கிழிசலைத்தான் பாப்பம். நீங்கள் ஏன் பேரைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?”

‘நிண்டனீங்கள்’ என்றாள். செயலாளரைச் சொல்லவில்லை, என்னைச் சொன்னாள். ஏனென்றால் என் தட்டச்சுப் பெட்டிக்குள்ளே ஒரு திருப்புளி இருக்கிறது. இருபத்தாறு ஆண்டாக இருக்கிறது. அன்றைக்கும் இருந்தது. இரண்டு திருகாணி. ஒரு நிமிட வேலை. நான் கழற்றவில்லை. சபை என்ன சொல்லும், தலைவர் முகம் என்னாகும் என்று பயந்து கார்பன் தாளை எடுத்தேன். இந்த மேடையிலே என் கோபத்தில் பாதி என்மீதுதான். மற்றப் பாதியை நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கேளுங்கள். விடுபட்டவர்களுக்கு மறுபதிவு நாளை மறுநாள் காலை. முப்பத்தேழு படிவம் வேண்டும். இந்த மாதம் இன்னும் இருபது குடும்பம் வந்திருக்கிறது, அவர்களுக்கும் வேண்டும். தவறவிட்டால் இனி எப்போது பதிவார்கள் என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பட்டுத் துணிக்குள் இருப்பது ஒரு படிவம் தருமா? தராது. அந்த வாழைக்குலைக்குக் கீழே இருப்பது தரும். தரவேண்டுமானால் தகடு கழலவேண்டும்.

தலைவர் அவர்களே, உங்கள் தாயாரை நான் அறிவேன். பங்குனி வெயிலில் ஊர்க் கிணறு வற்றியபோது தம் வளவு வேலியை வெட்டித் தம் கிணற்றுக்கு ஊருக்கே பாதை விட்டவர். ‘என்ரை கிணறு’ என்று அதிலே பெயர் எழுதினாரா? அந்த அம்மையாரின் பெயராலா பிள்ளைகளுக்குப் பால்மா தடைப்படவேண்டும்?

தலைவர் அண்ணை ஏதோ கேட்கிறார். உரத்துச் சொல்லுங்கோ அண்ணை, சபை கேக்கட்டும்.

“அப்ப அம்மாவின்ரை பேரை எங்கை வைக்கிறது?”

சுவரிலை வையுங்கோ அண்ணை. சுவருக்கு எண்ணெய் விடத் தேவையில்லை.

இந்த மின்சார இயந்திரத்தை அதே வண்டிலில் ஏற்றி அந்தக் கடைக்கே திருப்பிக் கொடுப்போம். கடைக்காரரிடம் மெழுகுத்தாள் பெட்டி இருக்கிறது, மைக்குழாய் இருக்கிறது, கடதாசி இருக்கிறது. மாற்றித் தரட்டும். லண்டனுக்கு நான் கடிதம் எழுதுகிறேன். பஞ்சலிங்கம் அறிவுள்ள பிள்ளை, விளங்கிக்கொள்வார். அன்றைக்கு நான் எடுக்காத திருப்புளியை இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ. நானே கழற்றலாம். ஆனால் பெற்ற தாயின் பெயரை மகன் கையால் எடுப்பதுதான் முறை.

தலைவர் எழுந்து வருகிறார். வழிவிடுங்கள். வாழைக்குலையை இறக்குங்கள் தம்பி. முதலாவது திருகாணி கழன்றுவிட்டது. இரண்டாவது அசையவில்லை. அசையாது, நாங்கள் ஊற்றிய புளி அப்படி. என்ன சொல்கிறார் தலைவர்?

“ஏரம்பு, நீ மற்றப் பக்கத்தைப் பிடி. நான் திருப்புறன்.”

கைதட்டாதீர்கள். முப்பத்தேழு குடும்பத்துக்கு நாங்கள் கைதட்டல் பாக்கி வைக்கவில்லை, படிவம்தான் பாக்கி வைத்திருக்கிறோம். கழன்றுவிட்டது. அந்தத் துளையைப் பாருங்கள் தாய்மார்களே. ஒரு மூக்குத்தி அளவுதான். ஆறு ஆண்டாக நாங்கள் மூடிவைத்தது அவ்வளவுதான்.

வீட்டில் தையல் மெசின் உள்ளவர்கள் போய் எண்ணெய்க் குப்பியை எடுத்து வாருங்கள். பொழுது சாய முன்னர் மெழுகுத்தாளை நான் ஏற்றுகிறேன். வெளிவரும் முதற் பிரதியில் பெர்னடெட்டின் பெயரை எழுதுவோம். அது ஈரம் காயும்வரை யாரும் வீட்டுக்குப் போகவேண்டாம். வாழ்த்துக் கேட்க வந்து வசை கேட்டும் பொறுத்திருந்த உங்கள் செவிகளுக்கு நன்றி. இனிச் சுற்றப்போகும் உங்கள் கைகளுக்கு வணக்கம்.