பாசிட்டிவ் அக்கா

அக்கா: கொஞ்சம் தள்ளிப் பிடி, கிட்டத்துல எழுத்து தெரியல. கண்ணாடிக் கடையில வேலை பாத்துக்கிட்டு என் கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்திருக்கேன் பாரு.

தங்கை: சிரிக்காத அக்கா. நாலாவது வரியைப் பாரு.

அக்கா: முதல்ல சாப்பிடு. அரை மணி நேரம்தான் உனக்கு இடைவேளை... இரு. இது யார் பேருல இருக்கு?

தங்கை: என் பேருல.

அக்கா: உன் பேருல ஏன் இருக்கு?

தங்கை: என் ரத்தம் அக்கா. என் பேருலதான இருக்கும்?

அக்கா: இல்ல... பாசிட்டிவ்னு போட்டிருக்கே.

தங்கை: ஆமா.

அக்கா: நான்தான பாசிட்டிவ்?

தங்கை: அதான் எனக்கும் புரியல.

அக்கா: உனக்குதான் கோதுமை ஒத்துக்கும்னு ஆறு வருஷம் முன்னாடியே சொல்லிட்டாங்களே. நான்தான கோதுமையில இருக்கிற அந்த குளூட்டன் ஆகாதவ. இது ஏதோ குளறுபடி. நீ ஏன் திடீர்னு போய் ரத்தம் குடுத்த?

தங்கை: தலை சுத்துது, முடி கொட்டுது, ரத்தம் ஏறவே மாட்டேங்குது. சத்து மாத்திரை எத்தனை டப்பா முழுங்கியாச்சு. மில்லுல வெட்டுற மேஜையில நாப்பது அடுக்கு துணி விரிச்சு மெஷினை ஓட்டுறேன், கண்ணு இருட்டிக்கிட்டு வருது. சூப்பர்வைசரே பாத்துட்டு ஸ்டூல் போட்டு உக்கார வச்சார். அதான் போனேன்.

அக்கா: டாக்டர் என்ன சொன்னாங்க?

தங்கை: அம்மாவுக்கு இருந்ததான்னு கேட்டாங்க. இருந்துச்சுன்னேன். கூடப்பிறந்தவங்களுக்கு இருக்கான்னு கேட்டாங்க. அக்காவுக்கு இருக்குன்னேன். உனக்கு பாத்ததே இல்லையான்னாங்க. பாத்தோம், எனக்கு இல்லன்னு வந்துச்சுன்னேன். அவங்க என் பழைய பேப்பரையும் புது பேப்பரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க...

அக்கா: அப்புறம்?

தங்கை: அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாவா ரத்தம் குடுத்தீங்கன்னு கேட்டாங்க.

அக்கா: இரு, போன் அடிக்குது. கோதுமை ஆகாதவங்களுக்குன்னு நான் நடத்துற வாட்ஸ்அப் குரூப்புல, வங்கியில வேலை பாக்குற அம்மா கேக்குறாங்க. சோயா சாஸ்ல கோதுமை இருக்குமான்னு. ...அம்மா, பெரும்பாலும் இருக்கும்மா. பாட்டிலைத் திருப்பி சின்ன எழுத்தைப் படிங்க. சந்தேகமா இருந்தா வாங்காதீங்க, உப்பும் மிளகும் போதும். மனசைத் தளர விடாதீங்க.

தங்கை: அந்தக் குரூப்புல இப்ப எத்தனை பேரு?

அக்கா: இருநூத்தி பதினோரு பேரு. உக்காந்து சாப்பிடேன்டி, ஆறிப்போகுது.

தங்கை: எல்லாரும் உன்னை பாசிட்டிவ் அக்கான்னுதான கூப்பிடுறாங்க?

அக்கா: அது நானே விளையாட்டா சொன்னது. ரிசல்ட் பாசிட்டிவ்னு வந்துச்சு, அதனால பாசிட்டிவாவே இருந்துடுறேன்னு. அதையே பிடிச்சுக்கிட்டாங்க. தினம் காலையில ரெண்டு வரி எழுதிப் போட்டாத்தான் அவங்களுக்கு விடியுது.

தங்கை: தெரியும். சாப்பிடக் கூடாததை எண்ணாதீங்க, சாப்பிடக் கூடியதை எண்ணுங்க. அரிசி, சோளம், கிழங்கு, முட்டை, மீன், பழம்...

அக்கா: கிண்டல் பண்ணாத.

தங்கை: கிண்டல் இல்ல அக்கா. நானும் எண்ணிப் பாக்குறேன். அன்னைக்கு யாரு முதல்ல கை நீட்டினது?

அக்கா: என்னைக்கு?

தங்கை: அம்மாவுக்கு வியாதி என்னன்னு தெரிஞ்சதும் பொண்ணுங்களுக்கும் பாத்துடுங்கன்னு சொன்னாங்கள்ல. ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தோமே.

அக்கா: நீதான் முதல்ல. உனக்கு ஊசின்னா பயம், சீக்கிரம் முடிச்சுக்கட்டும்னு உன்னைத் தள்ளிவிட்டேன்.

தங்கை: இல்ல. பயத்துல நான் பின்னாடி போயிட்டேன். நீ போய் உக்காந்த.

அக்கா: அப்படியா... ஆனா என் கையில ஒட்டின பஞ்சை நீதான பிடிச்சுக்கிட்டு இருந்த? அப்ப உனக்கு முடிஞ்சிருக்கணும்.

தங்கை: உன் பஞ்சை நான் பிடிச்சேனா, என் பஞ்சை நீ பிடிச்சியா?

அக்கா: எனக்கு ஒண்ணும் புரியல.

தங்கை: ரத்தம் எடுத்தவர் தோள்ல போனை இடுக்கிக்கிட்டுப் பேசிக்கிட்டே எடுத்தார். அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ரெண்டு குப்பியும் ஒரே தட்டுல இருந்துச்சு. பேர்ச்சீட்டை அப்புறமா ஒட்டினார். நம்ம ரெண்டு பேருக்கும் அப்பா பேரு ஒண்ணு, விலாசம் ஒண்ணு.

அக்கா: நீ என்ன சொல்ல வர்ற?

தங்கை: நான் சொல்லல. டாக்டர்தான் கேட்டாங்க. மாறியிருக்குமோன்னு.

அக்கா: மாறியிருந்தா... அப்ப எனக்கு?

தங்கை: உனக்கு ஒண்ணுமில்ல. எனக்குதான் இருந்திருக்கு. அன்னையிலேருந்து.

அக்கா: எனக்குக் கோதுமையை நிறுத்தினதும் வயிறு சரியாச்சே. ஏப்பம், எரிச்சல் எல்லாம் போச்சே.

தங்கை: அப்ப நீ கடையில நாலு வேளை பிஸ்கட்டும் டீயுமா இருந்த. அதை விட்டா யாருக்கும் சரியாகும்னாங்க.

அக்கா: உங்க டாக்டர் ரொம்பப் பேசுறாங்க.

தங்கை: அன்னைக்கே உள்ள குழாய் விட்டுப் பாத்து உறுதி பண்ணியிருக்கணுமாம். நீதான் அதுக்குப் பயந்துக்கிட்டு, பாக்க வேணாம், நான் சாப்பாட்டையே மாத்திக்கிறேன்னு வந்துட்ட.

அக்கா: தொண்டைக்குள்ள குழாய் விடுறேன்னா யாரு வாயைத் திறப்பா?

தங்கை: சரி. இப்ப நீயும் ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பாத்துடேன்.

அக்கா: அது ஒத்துவராது. ஆறு வருஷமா கோதுமையே தொடாதவளுக்கு எப்படிப் பாத்தாலும் இல்லன்னுதான் வரும். குரூப்புல நானே எத்தனை பேருக்கு சொல்லியிருக்கேன்.

தங்கை: அதான், சில வாரம் கோதுமை சாப்பிட்டுட்டு வரச் சொல்றாங்க.

அக்கா: நானா... ஐயோ, என்னால முடியாதுடி. ஒரு துண்டு பிரெட்டு உள்ள போனாப் போதும், ரெண்டு நாள் படுக்கைதான்.

தங்கை: அப்படியா?

அக்கா: ஆமா. அன்னைக்கு ஒரு தடவை சூப்புல மாவு கரைச்சு ஊத்தினாங்கன்னு... நீதான பாத்த.

தங்கை: பாத்தேன். நாலு வருஷம் முன்னாடி.

அக்கா: அதான்.

தங்கை: சரி விடு அக்கா. இன்னொண்ணும் சொன்னாங்க. அப்ப இல்லாம இருந்து, நடுவுல வர்றதும் உண்டாம். ரிப்போர்ட் மாறியிருக்கணும்னு கட்டாயம் இல்லையாம். உனக்கும் இருக்கு, எனக்கு இப்பத்தான் வந்திருக்குன்னும் வச்சுக்கலாமாம்.

அக்கா: வர்றதும் உண்டா?

தங்கை: உண்டாம். யாரு மேலயும் தப்பு இல்ல. நான் சாப்பாட்டை மாத்திக்கிட்டாப் போதும். உனக்குதான் எல்லாம் தெரியுமே, எது வாங்கணும், எது கூடாதுன்னு சொல்லிக் குடு. முடிஞ்சுபோச்சு.

அக்கா: அந்தக் கதவைச் சாத்து. வெளிய கண் பாக்க வந்தவங்க உக்காந்திருக்காங்க.

தங்கை: சாத்திட்டேன். என்ன அக்கா?

அக்கா: நடுவுல வரலடி உனக்கு. மாறித்தான் போயிருக்கு.

தங்கை: உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: எனக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா.

தங்கை: சொல்லு.

அக்கா: எங்க கடையில லென்ஸ் தேய்க்கிறவர் ஓய்வு பெற்றார்ல, அன்னைக்கு முதலாளியம்மா எனக்குன்னு தனியா ஒரு தட்டுல கேக் குடுத்தாங்க. உனக்குன்னே பாத்து வாங்கினேன்னு சொன்னாங்க. சாப்பிட்டேன். முழுசா. சாயங்காலம் அவங்களே ஓடி வந்தாங்க, தட்டு மாறிப்போச்சு, நீ சாப்பிட்டது சாதா கேக்குன்னு அழுறாங்க. நான் வீட்டுக்குப் போய் படுத்துக்கிட்டு காத்துக்கிட்டு இருந்தேன். இப்ப வரும், இப்ப வரும்னு. விடியற வரைக்கும் ஒண்ணும் வரல.

தங்கை: ஒரு தடவைதானே. சிலருக்கு உடனே தெரியாதாமே.

அக்கா: நானும் அப்படித்தான் நினைச்சேன். அடுத்த வாரம் ஒரு பன்னு வாங்கித் தின்னு பாத்தேன். அதுக்கு அடுத்த வாரம் ரெண்டு. அப்புறம் இன்னைக்கு வரைக்கும் வியாழக்கிழமை தோறும்... ஒரு தடவை கூட வயிறு ஒரு சத்தம் போடல. நாலு மாசம் தின்னுட்டு, யாருக்கும் தெரியாம வேற இடத்துல ரத்தம் குடுத்தேன். இல்லன்னு வந்துச்சு.

தங்கை: அத்தானுக்குத் தெரியுமா?

அக்கா: எப்படிச் சொல்லுவேன்? பிரெட் இல்லாம காலையில டீ குடிக்காத மனுஷன், எனக்காக அதை விட்டார். அடுப்பு, பாத்திரம், சல்லடை எல்லாத்தையும் புதுசா மாத்தினார். யார் வீட்டுக்குப் போனாலும் இவளுக்கு முதல்ல எடுத்து வச்சுடுங்கன்னு வாசல்லயே சொல்லுவார். அதுக்கு முன்னாடி என்னை யாரு கேட்டா, நீ சாப்பிட்டியான்னு? அவர் கேட்டாரா, பசங்க கேட்டாங்களா? இந்த வியாதி வந்தப்புறம்தான் எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சேன்.

தங்கை: ம்.

அக்கா: அந்த இருநூத்தி பதினோரு பேரு வேற. காலையில நான் எழுதுறதைப் படிச்சுட்டு, இன்னைக்கு ஒரு நாள் சமாளிச்சுடலாம்னு தோணுதுன்னு பதில் போடுவாங்க. அவங்ககிட்ட போய், எனக்கு ஒண்ணுமே இல்லையாம்னு சொல்லச் சொல்றியா? நாளைக்கு சொல்லலாம், அடுத்த மாசம் சொல்லலாம்னு தள்ளிக்கிட்டே...

தங்கை: என்னை நினைக்கவே இல்லையா அக்கா?

அக்கா: நினைச்சேன்.

தங்கை: எனக்கு இல்லன்னு வந்தது உன்னோட பேப்பர்னு நினைச்சியா?

அக்கா: நினைச்சேன். என்னுது தப்புன்னா உன்னுதும் தப்பா இருக்கலாம்னு அந்த ராத்திரியே தோணுச்சு. தோணினதும் எந்திரிச்சு வேற வேலை பாத்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நீ இளைச்சுக்கிட்டே வர்ற, எனக்குத் தெரியுது. மில்லுல வேலை அதிகம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

தங்கை: போன வருஷம் ஆஸ்பத்திரியில கூட?

அக்கா: அதைக் கேக்காத.

தங்கை: ரெண்டாவது தடவையும் கரு கலைஞ்சுபோச்சு. நீதான கூட இருந்த.

அக்கா: நீ கட்டில்ல சுவத்தைப் பாத்துப் படுத்திருந்த. நான் ஸ்டூல்ல. வாய் வரைக்கும் வந்துச்சுடி. அந்த நேரம் நர்ஸ் பாட்டில் மாத்த வந்தாங்க. அவங்க போகட்டும், சொல்லிடுறேன்னு நினைச்சேன். போயிட்டாங்க. நான் உன் போர்வையை இழுத்து விட்டுட்டு, மனசைத் தளர விடாதன்னு சொன்னேன்.

தங்கை: ஆமா. அதைத்தான் சொன்ன.

அக்கா: அதனாலதான் கலைஞ்சுதா? டாக்டரைக் கேட்டியா?

தங்கை: கேட்டேன். அதனாலயும் இருக்கலாம், வேற எதனாலயும் இருக்கலாம்னாங்க. இனிமே தெரியவே தெரியாதாம்.

அக்கா: திட்டுடி. ஏதாவது சொல்லு. இன்னைக்கே அவர்கிட்ட சொல்லிடுறேன். குரூப்புல சொல்லிடுறேன். அதுல எத்தனை பேருக்கு என்னை மாதிரி தப்பா வந்திருக்கோ, எத்தனை பேருக்கு உன்னை மாதிரி வராம போச்சோ... எல்லாரையும் திரும்பப் பாக்கச் சொல்றேன். உனக்கு என்கிட்ட கோவமே வரலையா?

தங்கை: இருக்கு அக்கா. நிறைய இருக்கு. இன்னும் ரொம்ப நாளைக்கு இருக்கும். ஆனா நானும் உன்கிட்ட ஒண்ணு மறைச்சேன். இந்த ரிப்போர்ட் இப்ப வந்தது இல்ல. வந்து ஆறு மாசம் ஆச்சு.

அக்கா: ஆறு மாசமா? அப்ப இவ்வளவு நேரம்...

தங்கை: ஒரு வியாழக்கிழமை மில்லுல கரண்ட் இல்லன்னு சீக்கிரம் விட்டுட்டாங்க. பஸ்ஸு சிக்னல்ல நின்னுச்சு. பேக்கரிக்குள்ள நீ நின்னுக்கிட்டு பன்னைப் பிச்சு டீயில நனைச்சுத் தின்னுக்கிட்டு இருந்த. அவ்வளவு நிம்மதியா உன்னைப் பாத்ததே இல்ல. முதல்ல ஒண்ணும் புரியல. ரெண்டு நாள் கழிச்சுதான் எனக்கு உறைச்சுது. அப்பத்தான் போய் ரத்தம் குடுத்தேன்.

அக்கா: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா தினம் வந்து என் எதிர்ல உக்காந்து சாப்பிட்ட? ஒரு வார்த்தை நீ ஏன்டி கேக்கல என்னை?

தங்கை: கேட்டு, நீ இல்லவே இல்லன்னு சாதிச்சுட்டா? அதான் இன்னைக்குக் கூட நடுவுல வர்றதும் உண்டுன்னு உனக்கு வழி விட்டுப் பாத்தேன். கோதுமை இல்லாம இருந்துடலாம் அக்கா... நீ இல்லாம எப்படி இருக்கிறது?