எனக்கு நல்லா காது கேக்குது

கத்தாதீங்க மிஸ். எனக்கு நல்லா காது கேக்குது. யாரு சொன்னா மந்தம்னு? அந்தப் பேப்பர்லயே எழுதியிருக்கா? வாசிங்க பாப்போம். ம்... எட்டாம் நம்பர் காம்பரா, அழகம்மா, வயசு எழுவத்தொண்ணு, காது மந்தம். அடிச்சு விடுங்க அத. நம்பலயா? இந்தா, வெளிய பீலியில தண்ணி விழுது. அதுக்குக் கீழ யாரோ தகர வாளி வெச்சிருக்காங்க, பிளாஸ்டிக் வாளி இல்ல. போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இருக்கேன்.

பாத்தீங்களா? தகரந்தானே? ஒக்காருங்க.

ரெண்டு கெழமையா இதே தொல்ல. தோட்டமே என் காதுக்குள்ள வாய வெச்சுக் கத்துது. எம் பேத்தி லோஜினி சோறு திங்கக் கூப்புடுறதுக்குக் கை தட்டுறா. எல்லாம் அவ பண்ணுன வேல. வேற யாரு, ஒம்பதாம் நம்பர் சண்முகவடிவுதான். வெள்ளிக்கெழம டவுன்ல உங்க அனர்த்த ஆபீசுல மேடயேத்தி சால்வ போத்தப் போறீங்களாமே, எங்க லயத்து வீடுக எரியக்குள்ள நின்னு சமாளிச்சவன்னு. போத்துங்க, போத்துங்க. எனக்கென்ன.

என்னா கேட்டீங்க? ஆமா, அதத்தான் நானும் சொல்றேன். நெருப்பு நேரத்துல ஆளுகள ஏவுற ஆளு நின்ன எடத்த விட்டு நகரக் கூடாதுன்னு உங்க சட்டம் சொல்லுதுல்ல? அவ நகந்தா. உள்ள ஓடுனா. தப்புதானே? பெருசா எழுதுங்க. சால்வய மடிச்சு உள்ள வெச்சிருங்க.

ஏன் ஓடுனான்னா... அது பெரிய கத மிஸ். நீங்க யாழ்ப்பாணத்துப் புள்ளயா? பேச்சுலயே தெரியுது. டீத்தண்ணி குடிங்க, ஆறிப் போயிரும்.

நானும் அவளும் ஒரே நாளுல கொழுந்துக் கூட மாட்டுனவங்க. பதினாறு வயசு. கொழுந்து எடுக்குறதுல அவ என் கிட்ட நிக்க முடியாது. நான் இருவத்திரெண்டு கிலோ போட்டா அவ பதினெட்டுக்கே மூச்சு வாங்குவா. ஆனா முப்பத்திமூணு வயசுல, எங்கள மேய்க்கப் பொம்பள கங்காணி வேணும்னு தோட்டத்துத் தொர வந்தப்ப, எங்க கையவா பாத்தாரு? ரெண்டு பேரயும் எதிர் மலயப் பாத்துக் கத்தச் சொன்னாரு. நான் கத்துனேன், ஒரு காக்கா பறந்துச்சு. அவ கத்துனா, அந்தாண்ட பங்களாவுல நாயி கொலச்சிச்சு. அவ்வளவுதான், அவ கங்காணி.

அப்பறம் இருவத்தேழு வருசம். விடிஞ்சா பெரட்டுக் களம். யாரு வேலக்கி வந்திருக்கா, யாரு வரலன்னு பேர் கூப்புடுவா. எட்டாம் நம்பர், அழகம்ம்மா! என் பேர மட்டும் அப்பிடி இழுப்பா. நான் இருக்கேன்னு சொல்லணும். பனியில பல்லு கிடுகிடுக்க, இவளுக்கு நான் இருக்கேன்னு சொல்லணும். என் வீட்டுக்காரரு, போய்ச் சேந்த மனுசன், ஒரு நா படுத்துக்கிட்டே சொல்றாரு, வடிவு கூப்புட்டா தூக்கத்துலயும் எந்திரிக்கத் தோணுது புள்ளன்னு. அன்னிக்கி அவரு ரொட்டிக்கு நான் உப்பு போடல.

பென்சன் வாங்குன அன்னிக்கி நெனச்சுக்கிட்டேன், இனி இவ கூப்புட்டா ஏன்னு கேக்க மாட்டேன்னு. பதினோரு வருசம் கேக்கல மிஸ். நடுவுல ஒரு செவுருதான். அழகம்மா, கொஞ்சம் சீனி இருக்கான்னு அங்கேருந்து கேப்பா. நான் வாயத் தொறக்க மாட்டேன். லோஜினிகிட்ட சீனிய குடுத்து அனுப்பிருவேன். சீனி இல்லன்னு சொன்னதில்ல, அதயும் எழுதிக்கங்க.

ஆங், நெருப்பு. வர்றேன் இருங்க. அதுக்கு முன்னால சிறுத்த கதயச் சொல்லலன்னா உங்களுக்கு வெளங்காது. ஒரு தடவ நாலாம் மலயில சிறுத்த வந்திருச்சு. எல்லாரும் கூடயப் போட்டுட்டு ரோட்டுக்கு ஓடுனோம். மலய மேப்பாக்குற கண்டாக்கய்யா லொறியில ஏறுங்க ஏறுங்கன்னு குதிக்கிறாரு. இவ ஏற விட மாட்டேங்குறா. முப்பத்திரெண்டு பேரு மலயேறுனோம், முப்பத்தொண்ணுதான் நிக்குது, லொறி நகந்தா டயருக்குக் கீழ படுப்பேங்குறா. அந்த முப்பத்திரெண்டாவது ஆளு நாந்தான். பொதருக்குப் பின்னால ஒதுங்கியிருந்தேன், சிரிக்காதீங்க. அன்னிக்கி இருக்கேன்னு சொன்னேன். சொல்லாம? சிறுத்தயில்ல!

இப்ப கேளுங்க. ஞாயித்துக்கெழம, மத்தியானம் ரெண்டு மணி. பத்துக் காம்பரா லயத்துல அஞ்சாம் நம்பர்ல கரண்டு கோளாறு. எங்க லயத்துல காம்பராவுக்குக் காம்பரா செவுரு இருக்கு, ஆனா அது கூர வரைக்கும் போகாது. மேல ஒரே தகரம், ஒரே மரம், எல்லாரும் வெறகு அடுக்கி வெச்சிருப்போம். அஞ்சுல புடிச்சா அந்த மேல் சந்து வழியா அப்பிடியே ஓடும். காத்தும் பத்தாம் நம்பர் பக்கந்தான் அடிச்சிச்சு. டவுன்லேருந்து வண்டி அந்த வளஞ்சு வளஞ்சு போற ரோட்டுல ஏறி வர ஒரு மணித்தியாலம்.

மெயின் சுவிச்ச மொதல்ல அமத்துங்கடான்னு சொன்னது நான். சத்தியமா நான். ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. அவ தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு அதயே சொன்னா, நாலு பேரு ஓடுறான். அப்பறம் புள்ளைங்க எல்லாம் கோயில் வாசலுக்குன்னா. கேஸ் சிலிண்டர உருட்டி வெளிய போடுன்னா. எரியிறத அணைக்க நம்ம தண்ணி பத்தாது, எரியாதத நனைங்கன்னா. அது நல்ல யோசனதான், இல்லங்கல. எனக்கும் தோணியிருக்கும்.

அப்பறந்தான் சொன்னா மிஸ். நெருப்பு ஆறுல இருக்கு, ஏழுல ஏறப் போகுது, எட்டாம் நம்பர் தகரத்தப் பிரிச்சு எறிங்க, நடுவுல எடம் விட்டா இங்கிட்டு தாவாதுன்னு.

எட்டு யாருது? என்னது. எட்டப் பிரிச்சா எது தப்பிக்கும்? ஒம்பது. ஒம்பது யாருது?

பாத்தீங்களா, உங்களுக்கே மொகம் மாறுது. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?

எங்க லயத்து ஜீவராஜ் பய கூர மேல ஏறிட்டான். எங்க தகரத்துல காத்துக்குப் பறக்காம இருக்க இம்மாங் கல்லு தூக்கி வெச்சிருப்போம். பிரிச்சா கல்லும் மரமும் உள்ள விழும். உள்ள ஆளிருந்தா முடிஞ்சிச்சு. அதனால நிறுத்துடான்னுட்டு பேர் கூப்புட்டா. பெரட்டு மாதிரியே. கையில புத்தகம் இல்ல, எல்லாம் மண்டக்குள்ள. நாப்பத்தொரு பேரு, தலவாக்கல சந்தைக்குப் போனது ஆறு, மிச்சம் முப்பத்தஞ்சு. ஒண்ணாம் நம்பர்லேருந்து ஒவ்வொருத்தரா இருக்கேன், இருக்கேன்னு சொல்றாங்க. முப்பத்திநாலு பேரு சொல்லிட்டாங்க.

நானா? நான் மேல மாட்டுப்பட்டியில. சுவிச்ச அமத்துனதும் மாட்ட அவுத்து விட ஏறிட்டேன், அவ சத்தம் அங்க வரைக்கும் வரும். கீழருந்து பாத்தா பொகதான் தெரியும், என்னத் தெரியாது.

கேட்டுச்சு மிஸ். எட்டாம் நம்பர், அழகம்ம்மா! அதே இழுப்பு. மூணு தடவ. மாடே காத விடைச்சிக்கிட்டுத் திரும்பிப் பாத்துச்சு. நான் மாட்டோட கயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னேன். என் வீட்டப் பிரிச்சு இவ வீட்டக் காப்பாத்துறதுக்கு நான் இருக்கேன்னு வேற சொல்லணுமான்னு நின்னேன். நாலாவது தடவ கூப்புடட்டும், சொல்லலாம்னு நின்னேன். நாலாவது தடவ அவ கூப்புடல. என் காம்பராவுக்குள்ள போயிட்டா.

எழுதுங்க. ஏன் பேனாவ வெச்சுட்டீங்க?

வெளிய வந்தப்ப ஒரு மூட்டைய நெஞ்சோட கட்டிப் புடிச்சிருந்தா. ஓரமெல்லாம் கங்கு. புடிச்சிட்டேன், அழகம்மாவப் புடிச்சிட்டேங்குறா. கீழ எறக்கிப் பாத்தா என் கம்பளி. நான் தலவாணிய உள்ள வெச்சு சுருட்டிப் போடுவேன், பொகயில தடவிப் பாத்து நாந்தான் படுத்திருக்கேன்னு தூக்கிட்டு வந்திருக்கா. அவ கை ரெண்டும் வெந்து கெடக்குறத நீங்க பாத்தீங்கல்ல? அதுல வந்ததுதான்.

அதுக்குள்ள எட்டு புடிச்சிக்கிச்சு. நான் மாட்ட ஓட்டிக்கிட்டு எறங்கி வர்றேன். அவ என்னப் பாத்தா. மூட்டயப் பாத்தா. மறுபடி என்னப் பாத்தா. அப்பறம் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னா, அவளுக்குக் காது மந்தம்டா, விடுங்க, ஏய் ஜீவராஜ், ஒம்பதாம் நம்பர் தகரத்தப் பிரின்னு. அவ வீடு மிஸ். அதப் பிரிச்சதுலதான் பத்து நின்னுச்சு.

அதோட அவ தொண்ட போச்சு. பொக குடிச்சது. ஆறு மாசத்துல வரும்னு டாக்டர் சொல்றாரு, வரலாம்னும் சொல்றாரு. இப்ப ரெண்டு குடும்பமும் இந்தப் புள்ளக்காம்பராவுலதான் கெடக்கோம், கைப்புள்ளைங்க தொட்டிலு கட்டுற எடத்துல. அவ பாய் என் பாய்க்குப் பக்கத்துல. ராத்திரி தண்ணி வேணும்னா உதட்ட மட்டும் அசைப்பா. காத்து மாதிரி ஒரு சத்தம், அவ மருமகளுக்கே கேக்காது. எனக்குத்தான் கேக்குது. நாந்தான் எந்திரிச்சுப் போயி வாயில ஊத்துறேன். இருக்கேன் இருன்னு சொல்லிட்டுத்தான் ஊத்துறேன்.

அந்தக் காதயா மந்தம்னு எழுதியிருக்கீங்க? அடிங்க. என் மானத்தக் காப்பாத்தச் சொன்ன பொய்யில கூட அவதான் பெரிய மனுசியா நிக்கணுமா? நல்லா காது கேக்குற அழகம்மா பதில் சொல்லல, அதனாலதான் கங்காணி உள்ள போனான்னு எழுதி, வெள்ளிக்கெழம மேடயில சத்தமா வாசிங்க. அவ பக்கத்துல நான் நிக்கிறேன்.

அந்தக் கம்பளியா? இருக்கு. பாருங்க, ஓரம் எப்பிடிப் பொசுங்கியிருக்குன்னு. லோஜினி! ஏய் லோஜினி, மழ எறங்குதுடி, அந்தக் கம்பளிய உள்ள கொண்டா! ஏய், வடிவு தோள்லேருந்து உருவாத புள்ள. அவளோட சேத்துக் கொண்டா.